ஊர் பார்க்காத ஆட்டம்

மேட்டுப்புதூரில் சென்னிமலைக் கவுண்டர் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. வரப்புத் தகராறோ, கிணற்றுப் பங்கோ, கோயில் முறையோ, "கவுண்டர் என்ன சொல்றாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊரார் அடுத்த காரியத்தைப் பார்ப்பார்கள். காங்கேயம் சந்தையில் அவர் பேசி முடித்துக் கொடுத்த மாட்டுக்கு யாரும் பல்லைப் பிடித்துப் பார்க்க மாட்டார்கள். அது அவர் மட்டும் சம்பாதித்த பேர் அல்ல. அவருடைய அப்பாவும் அவருக்கு முந்தின அப்பாரும் சேர்த்து வைத்துவிட்டுப் போனது. அதைக் கீறல் விழாமல் கொண்டுபோய் அடுத்த தலைமுறை கையில் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் தனக்கு உயிரே என்று நினைத்திருந்தவர்.

அப்பேர்ப்பட்ட மனிதரை அறுபது தாண்டிய வயதில் கிரிக்கெட் பிடித்துக்கொண்டது. வெளியே சொல்ல முடியுமா?

மகன் தம்பிதுரை காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில் நடத்தி வந்தான். உலகக் கோப்பை வருகிறது, அதுவும் நம் நாட்டிலேயே நடக்கிறது என்று, கோயமுத்தூர் காந்திபுரத்துக்குப் போய் ஒரு கலர் டிவி வாங்கி டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான்.

"குடியிருக்கற ஊட்டுக்குள்ள கூத்துக் கொட்டாயைக் கொண்டாந்து வெச்சுப்போட்டியாடா" என்று கவுண்டர் ஒரு பாட்டம் திட்டினார். ஆனால் ஆட்டம் தொடங்கி ஊர்ச்சனம் வாசல்வரை வந்து உட்கார்ந்தபோது, அவரும் எல்லாருக்கும் பின்னால் ஈஸிசேரைப் போட்டுக்கொண்டு முகத்தில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். பழைய துண்டு, இழை இழையாக அந்தப் பக்கம் தெரியும்.

அவர் மனைவி ராசம்மாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, தூங்கறவரு கால் கட்டைவெரலு எதுக்குங்க இந்த ஆட்டம் ஆடுது?"

"ஈ மொய்க்குது, போ அக்கட்ட."

அந்த விளையாட்டில் அவருக்குப் பிடித்தது ஓட்டமோ அடியோ அல்ல. வெள்ளைத் தொப்பிக்காரர் விரலை உயர்த்தினால், எவ்வளவு பெரிய ஆட்டக்காரனும் வாயைத் திறக்காமல் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்துவிடுகிறான். ஒரு வார்த்தைக்கு அப்படி ஒரு மதிப்பு. ஊர்க்கூட்டத்தில்கூட அப்படிக் கட்டுப்பட்டு எழுந்து போகிறவனை அவர் பார்த்ததில்லை.

அந்த மாசியில்தான் அவருடைய அண்ணன் நாச்சிமுத்துக் கவுண்டர் படுக்கையில் விழுந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே வாசல். அண்ணனுக்கு ஆண் வாரிசு இல்லை. ஒரே மகள் பூங்கொடி, கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, "ஊட்டுக்குக் கொண்டுபோயிருங்க" என்று சொல்லிவிட்டார்கள். கொண்டுவந்து நடு அறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். அண்ணி முத்தாத்தாள் கட்டில் காலடியை விட்டு நகரவில்லை. கவுண்டர் அவளை அந்தப் பக்கத்து வழக்கப்படி நங்கையா என்று கூப்பிடுவார்.

அந்தச் சனிக்கிழமை டில்லியில் நமக்கும் சிலோனுக்கும் ஆட்டம். காலையிலேயே வாசலில் ஆட்கள் கூட ஆரம்பித்தார்கள். கவுண்டர் வெளியே வந்து நின்றார்.

"பெரியவரு மூச்சு இழுத்துட்டுக் கெடக்கறாரு. இன்னைக்கு ஊருக்குள்ள ஒரு ஊட்லயும் டிவி சத்தம் கேக்கப்படாது."

"ஆகட்டுங்க" என்று எழுந்து போனார்கள். ஒருவரும் முகத்தைச் சுளிக்கவில்லை. ஆட்டம் பார்த்தே தீரவேண்டும் என்றிருந்தவர்கள் மொபெட்டை எடுத்துக்கொண்டு காங்கேயத்துக்குப் போனார்கள்; தம்பிதுரையும் மில்லுக்குப் போய்விட்டான். மற்றவர்கள் வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். கோயில் நோம்பி முடிந்த மறுநாள் மாதிரி ஊர் ஓய்ந்து கிடந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் ராசம்மாள் வந்து முத்தாத்தாளைக் கையைப் பிடித்து எழுப்பினாள். "இத்தன நாளாக் கண்ணை மூடலீங்க நீங்க. சித்த நேரம் எங்கூட்ல வந்து படுங்க. அவரு இங்க உக்காந்துக்குவாரு."

முத்தாத்தாள் தயங்கித் தயங்கித்தான் எழுந்தாள். கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் வெள்ளி டம்ளரில் பசும்பாலும் ஒரு சின்னக் கரண்டியும் இருந்தன. அதைக் காட்டினாள்.

"தம்பி, மூச்சு மாறுச்சுன்னா என்னையக் கூப்புடுங்க. கூப்புட நேரமில்லீன்னா நீங்களே ஊத்திப்போடுங்க. பொறந்தவன் கைப்பாலு, அதுக்கு மேல என்ன வேணும். அதை மட்டும் உட்டுப்போடாதீங்க."

"நான் இருக்கறேன், நீங்க போங்க நங்கையா."

உயிர் பிரிகிற வேளையில் சொந்தக் கையால் ஒரு கரண்டிப் பால் தொண்டையை நனைக்க வேண்டும். அது வாய்க்காமல் போனவரைப் பற்றி ஊர் தலைமுறை கடந்தும் பேசும். "நாக்கு நனையாமப் போன கட்டை" என்பதைவிடக் கேவலமான பேச்சு அந்தப் பக்கத்தில் இல்லை. கவுண்டருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெற்றவர்கள் இருவருக்கும் அவர் கையால்தான் பால் ஊற்றியிருந்தார்.

அண்ணன் மூச்சு ஒரே சீராக இழுத்துக்கொண்டிருந்தது. கவுண்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெளியே தெருவில் யாரோ மொபெட்டை நிறுத்தி, வேப்பமரத்தடி ஆட்களிடம் சொல்வது கேட்டது.

"நம்மாளுங்க எரநூத்தி எழுபதைத் தாண்டிட்டாங்க. சிலோன்காரன் இப்பத்தான் எறங்கறான். இனி அவனுக்கு எங்க கதி?"

முன்னறையில் பூங்கொடி அப்பனுக்கென்று வாங்கிக் கொடுத்த சின்னக் கறுப்புவெள்ளை டிவி இருந்தது. இரண்டு அறைக்கும் நடுவில் கதவு திறந்தே கிடந்தது.

ஒரே ஒரு ஓவர் என்றுதான் நினைத்தார். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு டிவியைப் போட்டார். வாசற்படியில் நின்றால் ஒரு கண்ணுக்குக் கட்டில், ஒரு கண்ணுக்குப் பெட்டி. அதில் தப்பென்ன என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். மத்தியான வெளிச்சத்தில் படம் மங்கலாகத் தெரிந்தது. அரையடி முன்னால் போனார். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

சிலோன்காரன் இறங்கியதும் இறங்காததுமாக வெளுத்து வாங்கினான். நம்முடைய வேகப்பந்துக்காரன் ஒருவன், வயசான கை, எத்தனையோ ஆட்டத்தில் பேர் வாங்கியவன். அவன் போட்ட பந்தெல்லாம் எல்லைக்குப் பறந்தது. பந்தைப் பிடுங்கி வேறொருவனிடம் கொடுத்தார்கள். போதும், எழுந்திருக்கலாம் என்றுதான் கவுண்டருக்கு இருந்தது. ஆனால் அந்த ஆள் எல்லையோரம் போய் நின்ற விதம் அவரை எழுந்திருக்க விடவில்லை.

பின்னால் மறுபடி அவனிடமே பந்து வந்தது. தூரத்திலிருந்து ஓடிவந்து போட்டவன், இப்போது நாலு எட்டு நடந்து, சுழல்பந்து போட்டான். வேகம் போன பிறகு ஒருவன் என்ன செய்வான், அதைத்தான் செய்தான். சுற்றிலும் அவன் சொந்த ஊர்ச்சனம். அவர்கள் வாய் திறந்து கத்துவது தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு பந்தைக் கால்சட்டையில் தேய்த்தான்.

நேற்றுவரை தலைநிமிர்ந்து நடந்த ஒருவன் சொந்த ஊருக்கு முன்னால் இப்படி நிற்பதா? "உட்றாத சாமி, உட்றாத" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். அவன் அந்த ஓவரை எப்படியாவது கரையேற்றிவிட வேண்டும் என்று முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஓவர் முடிந்தது. அவர் பின்னால் சாய்ந்தார். அப்போதுதான் இழுப்புச் சத்தம் நின்றுபோயிருப்பது காதில் பட்டது. எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை.

டிவியை அணைத்துவிட்டு ஓடினார். உடம்பில் சூடு இருந்தது. வாய் திறந்திருந்தது. "அண்ணா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். மூக்கருகில் விரலை வைத்தார். பிறகு, யாரோ பிடித்துத் தள்ளியது மாதிரி, கரண்டியை எடுத்துப் பாலை மொண்டு அந்த வாயில் ஊற்றினார். பால் உள்ளே இறங்காமல் நாக்கின் மேல் தேங்கி நின்று, கடைவாய் வழியாகக் கழுத்துக்கு வழிந்தது. இன்னொரு கரண்டி ஊற்றினார். அதுவும் வழிந்தது. செய்கிறது என்னவென்று அவருக்குத் தெரியாமல் இல்லை. டம்ளரை வைத்துவிட்டுத்தான் சத்தம் போட்டார்.

"நங்கையா!"

முத்தாத்தாள் தலைமுடியை அள்ளிச் செருகக்கூட இல்லாமல் ஓடிவந்தாள். அழவில்லை. முதலில் ஒன்றுதான் கேட்டாள்.

"பாலு?"

"ஊத்திட்டேன்."

"வாங்குனாருங்களா?"

கவுண்டர் அவள் முகத்தைப் பார்த்தார். "வாங்கிட்டாரு" என்றார்.

அவள் கட்டிலருகே உட்கார்ந்து, வழிந்திருந்த பாலை முந்தானையால் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னோம் என்று கவுண்டர் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு ஒரு நாழிகைகூட நிற்கவில்லை. தன் பேருக்காகச் சொன்ன பொய்யை அவள் தலையில் போர்த்தப் பார்க்கிறோம் என்பது அவருக்கே தெரிந்துவிட்டது.

பொழுது சாய்வதற்குள் சேதி சுற்று வட்டாரமெல்லாம் போய், உறவுக்கார ஒரம்பரைகள் வந்து இறங்கினார்கள். பூங்கொடி வந்து அப்பன்மேல் விழுந்து அழுதாள். பிறகு சித்தப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் ஒற்றிக்கொண்டாள். "எனக்குத்தான் குடுத்து வெக்கல. உங்க கையில வாங்கீட்டுப் போனாரே, அது போதுங்க சித்தப்பா" என்றாள். கைகளை அவர் இழுத்துக்கொள்ள முடியாமல் நின்றார்.

வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். "பொறந்தவன்னா அப்படியில்ல இருக்கோணும். ஊரே ஆட்டம் ஆட்டம்னு அலையறப்ப, மனுசன் கட்டுலைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தாரு பாருங்க." மறுநாள் கொள்ளி வைத்ததும் அவர்தான். அதே கை.

மூன்றாம் நாள் பந்தலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காங்கேயத்திலிருந்து கொப்பரை வியாபாரி மைதீன் பிச்சை துக்கம் விசாரிக்க வந்திருந்தார். தம்பிதுரையின் மில்லுக்குப் பழைய பழக்கம். துக்கப் பேச்சு முடிந்து, மழைப் பேச்சு முடிந்து, வழக்கம்போல் பேச்சு தணிந்த குரலில் ஆட்டத்துக்கு வந்தது.

"அந்த வேகப்பந்துக்காரரு பேரே கெட்டுப்போச்சுங்க தம்பி. மொதல்ல வாங்குன அடியோட சரி, அப்புறம் அவரு கையில பந்தே குடுக்கல" என்றார் மைதீன் பிச்சை.

"நீங்க எந்திரிச்சு டீ குடிக்கப் போயிருப்பீங்க" என்றான் தம்பிதுரை.

"குடுத்தாங்க" என்றார் கவுண்டர். "சுத்தற பந்துல்ல போட்டான், பாவம். நாலு எட்டு நடந்து வந்து, தலையே நிமிராம."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. மகன் அவரைத் திரும்பிப் பார்த்தான்.

"உங்களுக்கு எப்படிங்கப்பா தெரியும்?"

"ஆரோ சொன்னாங்க."

"ஊருல பாத்தவங்கதான் பேசியிருப்பாங்க" என்று மைதீன் பிச்சை ஒத்துக்கொண்டார். கவுண்டரைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? பேச்சு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டது. ஆனால் கவுண்டர் தலையைத் தூக்கியபோது, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்த முத்தாத்தாள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். சொம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டிவி போடக்கூடாது என்று அவர் சொன்னது அந்த ஒரு நாளைக்குத்தான். ஊர் அதைக் கருமாதிவரைக்கும் என்று தானாகவே நீட்டிக்கொண்டது. பாகிஸ்தானோடு நடந்த ஆட்டத்தைக்கூட ஒரு வீட்டிலும் போடவில்லை. அரையிறுதியன்று சைக்கிளிலும் மொபெட்டிலும் பக்கத்து ஊர்களுக்குப் போய், கண்டவர் வீட்டு ஜன்னலில் தொங்கிப் பார்த்துவிட்டு, தோற்றுப்போன முகத்தோடு திரும்பி வந்தார்கள். வெளியே போக முடியாத கிழவர்களும் பெண்களும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். எல்லாம் பெரியவர் மரியாதைக்கு. ஊர் முழுக்கக் காத்த கட்டுப்பாட்டை உடைத்தவர் ஒரே ஒருவர்தான். "போட்டுக்கங்கப்பா" என்று ஒரு சொல் சொல்ல அவருக்கு வாய் எழவில்லை. சொன்னால், அண்ணன் மேல் துக்கம் இவ்வளவுதானா என்று நினைப்பார்களே என்று அதற்கும் பயம்.

கருமாதிக்கு முந்தின நாள் அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மறுநாள் முத்தாத்தாளின் பிறந்த வீட்டார் கொண்டுவரும் உருமால் என்கிற தலைப்பாகைத் துணியை அவர் தலையில் கட்டப்போகிறார்கள். அண்ணன் இருந்த இடத்துக்கு இனி நீதான் என்று சபையறியச் சொல்கிற சடங்கு அது. முத்தாத்தாள் பின்கட்டில் தனியாக உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நங்கையா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லாதீங்க தம்பி" என்றாள், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் நின்றார்.

"அன்னைக்கு ஒரம்பரை வருவாங்கன்னு முன்னறையை ஒதுக்கப் போனேன். டிவிப் பொட்டி மேல துணியைப் போத்தறதுக்குக் கையை வெச்சேன். சுட்டுது." ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள். "நானா மனசைத் தேத்திக்கிட்டேன், வெயிலு பட்டிருக்கும்னு. மூணாம் நாளு பந்தல்ல நீங்க பேசுனதைக் கேட்ட பொறகு தேத்த முடியலீங்க."

கவுண்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அண்ணி முன்னால் அவர் தரையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அப்பவே என்னைய நாலு பேரு முன்னால கேட்டிருக்கலாமுங்களே."

"கேக்கலாம்னுதான் வந்தேன். பூங்கொடி மொகத்தைப் பாத்தேன். அப்பன் நாக்கு நனைஞ்சுதான் போச்சுன்னு அந்தப் புள்ள நம்பிக்கிட்டிருக்குது."

"நாளைக்குச் சபையில சொல்லிப்போடறேன். உருமாலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

இப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லிப்போட்டா உங்களுக்குப் பாரம் எறங்கீரும். எறக்கி எங்க வெப்பீங்க? எம்புள்ள தலைமேலதானுங்களே? நாளைக்கு அவ மாமியா ஊட்ல ஒரு சண்டைன்னு வந்தா, உங்கப்பன் பாலில்லாமப் போனவன்தானடீன்னு கேப்பாங்க. நீங்க சொன்னது நெசம்னு ஊரு நம்புதுங்களே, அது அப்படியே இருக்கட்டும்."

"நான் எப்படிங்க நங்கையா அதைச் சொமக்கறது?"

"நான் எப்படிச் சொமக்கறேன்? நான் தூங்கப் போனவ. கட்டிக்கிட்டவ, அங்க இல்ல. உங்களையாவது பாலு ஊத்துன புண்ணியவான்னு சொல்றாங்க. எனக்கு அதுவும் இல்ல." முறத்தை மடியிலிருந்து இறக்கினாள். "மன்னிச்சுப்போட்டேன்னு நான் சொல்லலீங்க தம்பி. சொல்லவும் மாட்டேன். மனசுலயே வெச்சிருங்கன்னு சொல்றேன். எந்திரிச்சுப் போயிச் சாப்புடுங்க, உங்களுக்காக எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கறாங்க."

மறுநாள் சபை நிறைந்திருந்தது. முத்தாத்தாளின் அண்ணன் உருமாலை எடுத்து நாலு பக்கமும் காட்டி, "கடைசிப் பாலு ஊத்துன கை, கடன் கழிச்ச கை, இந்தத் தலைக்குத்தான் இது தகும். சபைக்குச் சம்மதந்தானுங்களே?" என்று கேட்டார். "சம்மதமுங்க" என்று பந்தல் முழுவதும் சொன்னது. பெண்கள் பக்கத்தில் பூங்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முத்தாத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவுண்டர் தலையைக் குனிந்து கொடுத்தார். உருமால் சுற்றச் சுற்ற, நெற்றிப் பொட்டு வலித்தது.

விருந்து முடிந்ததும் வேப்பமரத்தடி ஆட்களில் நாலைந்து பேர் வந்து மரியாதையாக எட்டி நின்றார்கள். அவர்களில் மூத்தவனான மாசாணம் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மாமா, இன்னைக்குக் கடைசி ஆட்டமுங்க. சிலோன்காரனும் ஆஸ்திரேலியாக்காரனும். நம்மாளுங்க இல்லதான். இருந்தாலும் காரியமும் முடிஞ்சுபோச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா ஊருக்குள்ள போட்டுக்குவோமுங்க."

எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவர் வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறார். அவர் சொன்னால் செய்வார்கள். சொல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள்.

"என்னையக் கேக்காதீங்கப்பா" என்றார். "இதுக்கு மட்டுமில்ல. இனி எதுக்கும் எங்கிட்ட வார்த்தை கேட்டுட்டு வராதீங்க. வேற ஆளைப் பாத்துக்கங்க. சொல்றதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல."

கூட்டம் திகைத்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பிறகு, விருந்துக்கு வந்திருந்த மைதீன் பிச்சை பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "பாத்தீங்களா? உருமாலு ஏறுன அன்னைக்கே மனுசன் எப்படி எறங்கிப் பேசறாருன்னு. எத்தன பெரிய மனசு." மாசாணம் துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "தப்புங்க மாமா. உங்க மனசு ஆறாம நாங்க வந்து கேட்டது தப்புங்க" என்று கும்பிட்டுவிட்டு, மற்றவர்களையும் கையைக் காட்டிக் கூட்டிக்கொண்டு போனான்.

அன்று மத்தியானமும் ஒரு வீட்டிலும் டிவி போடவில்லை. தெருவோடு மொபெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காங்கேயம் பாதையில் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர், மூன்று பேர். வாசலில் உட்கார்ந்திருந்த கவுண்டருக்கு எதிரே வரும்போது வண்டியின் வேகத்தைக் குறைத்து, தலையைத் தாழ்த்திவிட்டுப் போனார்கள்.

கவுண்டர் மகனைக் கூப்பிட்டார். "டேய் தம்பிதுரை. அவங்களையெல்லாம் திரும்பக் கூப்புடுடா. நம்மூட்லயே போட்டுப் பாக்கச் சொல்லு. எனக்கு ஒண்ணுமில்ல."

தம்பிதுரை பக்கத்தில் வந்து, அப்பாவின் தோளில் கையை வைத்தான். பிள்ளை அவரைத் தொட்டுப் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இருந்ததில்லை.

"வேண்டாமுங்கப்பா" என்றான். "எங்களுக்காகச் சொல்றீங்க. உங்க மனசு எங்களுக்குத் தெரியாதுங்களா?"